அம்மா பேரில் இருந்த பணம்

எங்கள் குடும்பத்திலேயே பெரிய பணக்காரி என் அம்மாதான். இதை அவளிடம் சொல்லியிருந்தால் அவளே நம்பியிருக்கமாட்டாள். பால்காரருக்கென்று அஞ்சறைப்பெட்டியில் எடுத்துவைக்கும் சில்லறைக்கு மேல் தன் பணம் என்று எதையும் அவள் வைத்துக்கொண்டதில்லை. ஆனால் ஆரணியில் எங்கள் பட்டுக் கடையின் கணக்கைத் திறந்தால், கடைக்குக் கடன் கொடுத்தவர்களில் முதல் பெயர் அவளுடையதுதான். லட்சக்கணக்கில் கொடுத்திருந்தாள். அதற்கு வருடா வருடம் வட்டி வாங்கிக்கொண்டும் இருந்தாள். எல்லாம் காகிதத்தில்.

இதைத் தப்பு என்று எங்கள் தெருவில் யாரும் நினைத்ததில்லை. லாபம் முழுவதையும் ஒரே ஆம்பிளை பேரில் காட்டினால் வரி போட்டுத் தீட்டிவிடுவார்கள். அதனால் வீட்டுப் பெண்கள் கடைக்குக் கடன் கொடுத்ததாக எழுதுவார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் வட்டி கடைக்குச் செலவு. பெண்களுக்கு அது வருமானம், ஆனால் வரி வராத வரம்புக்குள் நிற்கும் வருமானம். மருமகள் வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்த மறுவாரமே அவள் போட்டோ ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய்விடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் அப்பாதான் எங்கள் கடையில் இதை ஆரம்பித்தார். அம்மா விற்காத நகையை விற்றதாகவும், அவளுக்கு இல்லாத நிலத்தில் நெல் விளைந்ததாகவும் எழுதி, அந்தப் பணத்தைக் கடைக்குக் கடன் கொடுக்கவைத்தார்கள். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் அம்மா கையெழுத்துப் போடுவாள். அவள் கையில் மாவு ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு வரும்வரை காத்திருப்பார்கள். அந்த மரியாதைக்குக் குறைவில்லை.

அப்பா போனபிறகு கடை அண்ணன் கைக்கு வந்தது. அண்ணன் அப்பாவைவிடக் கெட்டிக்காரன். பட்ஜெட் வரும் நாளில் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவான். வயதானவர்களுக்கு வரி வரம்பை ஏற்றினால் அம்மாவின் வட்டியும் அந்த அளவுக்கு ஏறும். வட்டி ஏறவேண்டுமென்றால் அசலும் ஏறவேண்டும். டெல்லியில் யாரோ பெட்டியைத் திறந்து படிக்க, ஆரணியில் என் அம்மா உட்கார்ந்த இடத்திலேயே பணக்காரி ஆவாள்.

"இன்னாடா, இன்னாத்த ஏத்திட்டாங்களாம்?" என்று உள்ளிருந்து கேட்பாள்.

"ஒன்னுமில்லம்மா. காபி எடுத்துனு வா."

நான் களம்பூரில் அரசுப் பள்ளியில் ஆசிரியை. என் கணவர் அங்கே ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதினார். என் சம்பளத்தில் வரி போகத்தான் மீதி கைக்கு வரும். காட்டாமல் வைக்க எனக்கு ஒன்றும் கிடையாது, பட்ஜெட் பார்க்கவேண்டிய அவசியமும் கிடையாது. பிப்ரவரி வந்தால் ஆசிரியர் அறையில் எல்லோரும் இன்சூரன்ஸ் ரசீதையும் வீட்டுக் கடன் ரசீதையும் தேடிக்கொண்டிருப்போம். அண்ணன் என்னைப் பார்த்தால் சிரிப்பான். "கவுருமெண்டுக்கு ஒழுங்கா கட்றவ நீ ஒருத்திதாம்மா," என்பான். அதை அவன் பாராட்டாகச் சொல்லவில்லை.

அம்மா விழுந்தது ஓர் ஆடி மாதக் காலையில். பல் துலக்கப் போனவள் குழாயடியிலேயே சரிந்துவிட்டாள். வேலூரில் சேர்த்தோம். உயிர் பிழைத்தாள். வலது கையும் வலது காலும் திரும்பவில்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல. புத்தி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் அப்படியே இருந்தது. அதை நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னை யார் எப்படித் தூக்குகிறார்கள், தூக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது.

அண்ணன் வீட்டில் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அம்மாவைப் போட்டார்கள். நெசவாளர்கள் கொண்டுவரும் சேலைகளை மடித்து அடுக்கும் அறை அது. அதே அறையில் உட்கார்ந்துதான் அம்மா முப்பது வருஷம் சேலைகளைப் பிரித்துப் பழுது பார்த்து மடித்தாள். அதற்குச் சம்பளம் என்று ஒன்று உண்டா என்று யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. இப்போது சேலைக் கட்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு இன்னொரு பக்கம் அவள் கட்டில். அண்ணிக்கு இடுப்பு வலி, தூக்கமுடியாது. நான் அண்ணியைக் குறை சொல்லமாட்டேன். கூலிக்கு வந்த பெண்கள் ஒரு மாதம் இருப்பார்கள், அண்ணன் கொடுக்கும் சம்பளத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு அம்மா ஈரத்திலேயே கிடப்பாள். ஐப்பசிக்குள் முதுகில் புண் வந்துவிட்டது.

நீ ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். ஊரே கேட்டது, நீங்களும் கேளுங்கள். வைத்துக்கொண்டேன். களம்பூரில் எங்களுக்கு மாடி வீடு, வாடகை வீடு. நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு மேலே தூக்கிவந்தோம். சம்பளம் இல்லாத விடுப்பில் இருந்தேன். எனக்கே கை பிசகியது. ஒருநாள் அவளைப் புரட்டும்போது இரண்டு பேரும் சேர்ந்து கீழே விழுந்தோம். என் கணவர் மில்லில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரரும் கடைக்குப் போயிருந்தார், அவர் வரும்வரை தரையிலேயே கிடந்தோம்.

அப்போதுதான் அம்மா சொன்னாள். "எங்கயாச்சும்... தூக்கத் தெரிஞ்சவங்க இருக்கிற எடத்துல விடு."

அவளாகச் சொன்னாள். இதை நான் அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நான்தான் அவளைத் துரத்தினேன் என்று பேச்சு வந்தது.

வேலூர் போகிற ரோட்டில் ஒரு டிரஸ்ட் நடத்தும் இல்லம் இருந்தது. தாமாக நடமாடும் வயதானவர்களுக்கு மாடியில் அறைகள், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் கீழே. நானும் என் கணவரும் போய்ப் பார்த்தோம். கீழ்த்தளத்தில் ஒரு நீண்ட ஹாலில் பன்னிரண்டு பதின்மூன்று கட்டில்கள், அதை ஒட்டித் தனி அறைகள். இரண்டு பெண்கள் ஒரு பாட்டியைப் புரட்டுவதைப் பார்த்தேன். ஒருத்தி தோளில் கை கொடுத்தாள், இன்னொருத்தி இடுப்பில். அந்தப் பாட்டிக்கு வலித்ததாகவே தெரியவில்லை, பேசிக்கொண்டே புரண்டாள். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. தூக்குவது ஒரு தொழில், அதைக் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

ஆபீஸில் ஒரு மேடம் கட்டண விவரம் சொன்னார். தனி அறைக்கு ஒன்றரை லட்சம் டெபாசிட். வட்டி கிடையாது, ஆள் போனபிறகு திரும்பக் கொடுப்பார்கள். மாதம் ஐயாயிரம். மருந்து, டயப்பர், வெளியிலிருந்து டாக்டர் வந்தால் அவர் ஃபீஸ் எல்லாம் தனி. ஹாலில் இருக்கும் கட்டில்கள் சலுகைக் கட்டில்கள். ஒரு வருமானமும் இல்லாதவர்களுக்கு, தாசில்தார் சான்று கொண்டுவந்தால், டெபாசிட் இல்லை, கொடுக்கமுடிந்ததைக் கொடுக்கலாம்.

"அம்மாக்கு வருமானம் எதனா இருக்குதுங்களா? பென்ஷன் மாதிரி?"

"ஒன்னும் இல்லைங்க மேடம்," என்றேன்.

"ஐ.டி. ரிட்டர்ன் போடறாங்களா?"

என் கணவர்தான் மெதுவாக, "போடறாங்க," என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

அந்த மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். வருமான வரிக் கணக்குக் கொடுக்கிற வீட்டுக்காரர்கள் ஏழைகளின் கட்டிலைக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று அந்தப் பார்வை சொன்னது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன். சலுகைக் கட்டிலுக்கு என் அம்மா பணக்காரி. தனி அறைக்கு அவள் கையில் பைசா கிடையாது.

மாதப் பணத்தை எப்படியாவது நான் கட்டிவிடுவேன். டெபாசிட்டுக்கு வழியில்லை, ஏற்கெனவே இரண்டு கடன் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனிடம் போனேன். என் விடுப்பு முடிந்து, அம்மா மறுபடி அவன் வீட்டு அறையில்தான் கிடந்தாள்.

"ஹோமா? ஊர்ல இன்னா பேசுவாங்க, தெரியுமா ஒனக்கு?" என்றான். "பட்டு யேவாரத்துல நாணயம்தாம்மா எல்லாம். பெத்தவளயே வெச்சிக் காப்பாத்த முடியலன்னா, கட கவுந்துச்சுன்னு ஜரிகக்காரன் நாளைக்கே பாக்கி கேட்டு வந்து நிப்பான்."

"முதுகுல புண்ணு வந்துகினு இருக்குதுணா."

"ஆளு போட்டுகினுதான இருக்கேன்? நிக்கமாட்டேன்றாங்க. அதுக்கு நான் இன்னா பண்றது? பெரிய பேஜாரா போச்சி."

"கடைல அம்மா பேர்ல பணம் இருக்குது இல்ல? அதுல இருந்து டெபாசிட் கட்டு."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கமுடியவில்லை. கோபம் இல்லை, பரிதாபம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பரிதாபம்.

விடாமல் அவனை ஆடிட்டர் ஆபீஸுக்கு இழுத்துப்போனேன். ஆடிட்டர் அப்பா காலத்திலிருந்தே எங்களுக்குக் கணக்குப் பார்ப்பவர். பொறுமையாகப் பேசக்கூடியவர். மனிதர் பொறுமையாகப் பேசப்பேச எனக்கு எரிச்சல் ஏறியது.

"டீச்சர், அந்தப் பணம் புக்ல இருக்குது. பேங்க்ல இல்ல. நீங்க புரிஞ்சிக்கணும்."

"புக்ல இருக்கிற பணத்துக்கு வருஷா வருஷம் அம்மா வட்டி வாங்கியிருக்காங்களே சார். அந்த வட்டி எங்க?"

"அது அப்பிடியே கடனோட சேந்துடுது. அம்மா திருப்பிப் போட்டுடறாங்க."

பாருங்கள், என் அம்மா எவ்வளவு சிக்கனக்காரி.

பிறகு அவர் அண்ணன் பக்கம் திரும்பி ஒரு யோசனை சொன்னார். அம்மா தன் பணம் முழுவதையும் பாசத்தினால் மகனுக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டதாக எழுதிவிடலாம். பெற்ற தாய் மகனுக்குக் கொடுப்பதால் அதற்கு வரி கிடையாது. அதோடு அம்மாவின் வருமானம் நின்றுவிடும். வருமானம் நின்றால் சலுகைக் கட்டில் கிடைக்கும். அதுமட்டுமில்லை, ஊனமுற்ற தாய் மகனைச் சார்ந்து வாழ்கிறாள் என்று மருத்துவச் சான்று வாங்கிவிட்டால், அண்ணனுக்கு வருடா வருடம் வரியில் கழிவு உண்டு.

"இவ்ளோ நாள் அவங்களுக்கே வருமானம் இருந்ததால அத உங்களால க்ளெய்ம் பண்ணமுடியல பாருங்க," என்றார்.

ஒரே கல்லில் எத்தனை மாங்காய் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லா மாங்காயும் அண்ணன் மடியில்தான் விழுந்தது. ஹாலில் ஒரு கட்டில் மட்டும் அம்மாவுக்கு. அதுவும் உண்மையிலேயே ஒன்றுமில்லாத எவளோ ஒருத்தியின் கட்டில். ஆனாலும் நான் எழுந்து வந்துவிடவில்லை. அம்மாவின் முதுகு என் கண் முன்னால் நின்றது. அந்தக் கட்டிலாவது கிடைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பத்திரத்தையும் மை டப்பாவையும் எடுத்துக்கொண்டு அம்மா கட்டிலருகில் வந்தான். கையெழுத்துப் போடும் கை போய்விட்டதால் இடது கைக் கட்டைவிரல் ரேகை.

"அம்மா, இதுல ஒரு ரேக வெய்யி."

"இன்னாத்துக்கு?"

"சும்மா கணக்குக்குத்தான்."

இத்தனை வருடமும் அந்தப் பதில் அவளுக்குப் போதுமாக இருந்தது. அன்று எனக்குப் போதவில்லை. "அம்மா, கடைல ஒம்பேர்ல இருக்கிற பணத்த எல்லாம் அண்ணனுக்குக் குடுத்துட்டதா இதுல எழுதியிருக்குது," என்றேன். அண்ணன் என்னை முறைத்தான்.

"எம்பேர்ல... இன்னா பணம்?"

"எட்டு லட்சத்துக்கு மேல இருக்குதும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். எட்டு லட்சம் என்று உதடு மட்டும் அசைந்தது.

"எங்க வெச்சிகிறீங்க?"

அந்தக் கேள்வியில் சூது வாது எதுவும் இல்லை. வீட்டில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றுதான் கேட்டாள். அண்ணன் தலையைச் சொறிந்தான். "அது நெஜப் பணம் இல்லம்மா. கணக்குக்கு எழுதிகிறது."

"அதுல... எனக்கு ஒரு ரூம் எடு."

"கணக்குக்கு இருக்கிற பணத்துல எப்பிடிம்மா ரூம் எடுக்கறது?"

"அப்போ ரேகையும்... கணக்குக்கே வெச்சிக்கோ," என்றாள் அம்மா. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற நான்கு விரல்களாலும் மூடிக்கொண்டாள்.

அண்ணன் சிரித்துப் பார்த்தான். கெஞ்சிப் பார்த்தான். நல்லவேளை, அந்த விரல்களைப் பிரிக்கப் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு அவன் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அவனுக்கு நெருக்கடி இருந்தது. மார்ச் முடிவதற்குள் கணக்கை முடிக்கவேண்டும். வங்கியில் கடைக் கடனைப் புதுப்பிக்கவேண்டும். கடைக்குக் கடன் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஆமாம் கொடுத்தேன் என்று எழுதி வாங்கிவரச் சொல்லி வங்கியில் கேட்டார்கள். அதற்கும் அம்மாவின் ரேகை வேண்டும். முப்பது வருஷமாகச் சேலை மடித்த கைக்கு அந்த வீட்டில் முதல்முறையாக ஒரு விலை வந்தது.

கடைசியில் அண்ணியை அனுப்பினான். கஞ்சி ஊட்டிக்கொண்டே அண்ணி சொன்னாளாம்: "வெச்சிடுங்க அத்த. தெனமும் வீட்ல சண்டையா இருக்குது."

அம்மா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டிருக்கிறாள். "ஒம்பேர்ல எவ்ளோம்மா இருக்குது?"

அண்ணி கல்யாணமாகி வந்ததிலிருந்து பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவள். அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை அண்ணனிடம் அதையே கேட்டாள். அவன் எரிந்து விழுந்தான். அவள் விடவில்லை, சாயங்காலமும் கேட்டாள். எதிர்வீட்டு அம்மா வந்திருந்தபோது அவளிடமும், உங்க பேர்ல எவ்ளோக்கா இருக்குது என்று கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டு அண்ணன் ஆடிப்போய்விட்டான். இந்தக் கேள்வி எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டு அடுக்களைக்குள் நுழைந்தால் ஆரணியில் பாதிக் கடைகளின் கதி என்ன ஆகும்? அந்த வாரமே இல்லத்தின் பேருக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கடைச் செக் எழுதிவிட்டான். மாதப் பணத்தில் பாதி தருவதாகவும் சொன்னான். அம்மா செக்கை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை நீட்டினாள்.

இல்லத்தில் அம்மாவுக்குத் தனி அறை. அழுத்தினால் ஆள் வருகிற மணி, கைப்பிடி வைத்த குளியலறை, காலையும் மாலையும் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பெண்கள். சித்திரைக்குள் புண் ஆறிவிட்டது. யார் வந்தாலும் கதவைத் தட்டிவிட்டு வரச் சொன்னாள். கதவே இல்லாத சமையலறையிலும் சேலைக் கட்டுகளுக்கு நடுவிலும் வாழ்ந்தவளுக்கு எங்கிருந்துதான் அந்த மிடுக்கு வந்ததோ. ஹாலில் இருந்த ஒரு பாட்டி, நீ மட்டும் எப்படித் தனி ரூமில் இருக்கிறாய் என்று கேட்டதற்கு, "நான் இன்கம் டாக்ஸ் கட்டனவ," என்று சொன்னாளாம். அதை ஆயாக்கள் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அறையில் நான் சிரித்த அளவுக்கு என் பிறந்த வீட்டில் சிரித்ததில்லை.

அண்ணன் நாலு மாதம் பாதிப் பணம் கொடுத்தான். பிறகு வியாபாரம் டல் என்றான். பவர்லூம் சேலை வந்து கைத்தறியை அடித்துவிட்டது என்றான். அதுவும் உண்மைதான். ஆனால் அம்மாவின் ஐயாயிரத்தில்தான் அந்த நஷ்டம் முழுவதையும் ஈடுகட்டப் பார்த்தான். நான் பி.எஃப். பணத்தில் கடன் எடுத்துக் கட்டினேன். அந்த பிப்ரவரியில் எங்கள் பள்ளி ஆபீஸ் உதவியாளரிடம் இல்லத்து ரசீதுகளைக் கொண்டுபோனேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆஸ்பத்திரி பில்லுன்னா எதனா பார்க்கலாம் டீச்சர். இது தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும்தான? இதுக்கு எடமே இல்ல. கைகால் விளங்காத அம்மாவக் காப்பாத்தறீங்கன்னு டாக்டர் சர்டிபிகேட் இருந்தா, அதுக்குன்னு ஒரு கழிவு இருக்குது. அது இருக்குதுங்களா?"

இருந்தது. அண்ணனிடம் இருந்தது.

அந்தச் சான்று வாங்கிய நாளைச் சொல்லியாகவேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் குறிப்பிட்ட கிழமையில்தான் டாக்டர்கள் பார்த்து ஊனம் எத்தனை சதவீதம் என்று எழுதுவார்கள். நான் வேன் வைத்து இல்லத்திலிருந்து அம்மாவைக் கூட்டிப்போனேன். அண்ணன் ஆரணியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். வரிசையில் வெகுநேரம் காத்திருந்து உள்ளே போனதும் டாக்டர், "பாட்டி, வலது கைய தூக்குங்க, பாக்கலாம்," என்றார்.

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இல்லத்தில் தினமும் பயிற்சி கொடுத்து, தோளிலிருந்து கொஞ்சம் அசைக்கும் அளவுக்கு வந்திருந்தாள். மகன் முன்னால், டாக்டர் முன்னால் அதைக் காட்டவேண்டும் என்று நினைத்தாள். முகமெல்லாம் சிவக்க, உதட்டைக் கடித்துக்கொண்டு கையை மேலே கொண்டுவரப் பார்த்தாள். நாற்காலியின் கையிலிருந்து ஒரு சாண் எழுந்தது.

"கஷ்டப்படாதம்மா, உட்டுடு," என்றான் அண்ணன் பின்னாலிருந்து.

அம்மா கேட்கவில்லை. இன்னும் தூக்கினாள்.

"உட்டுடும்மா, தூக்காத," என்றான் மறுபடி. குரலில் பாசம் இல்லை, பதற்றம்தான் இருந்தது. கை எழ எழச் சதவீதம் குறைந்துவிடுமே என்று அவனுக்குப் பயம். பெற்ற தாயின் கை எழுந்துவிடுமோ என்று பயந்த ஒரு மகனை நான் அன்றுதான் பார்த்தேன். டாக்டர் அவள் கையை மெதுவாக இறக்கிவிட்டு எழுதிக்கொடுத்தார். வேண்டிய சதவீதம் வந்துவிட்டது. அண்ணன் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டான். அம்மா திரும்பும் வழி முழுவதும், "நல்லாத்தான தூக்கினேன்?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். நல்லாத் தூக்கினம்மா என்றேன்.

செலவு நான் செய்ய, கழிவு அவன் எடுத்தான். நான் கேட்டிருக்கலாம். ஒரே தாய்க்கு இரண்டு பேர் கழிவு கேட்டால் இரண்டு பேருக்கும் நோட்டீஸ் வரும் என்றார் ஆபீஸ் உதவியாளர். நோட்டீஸ் வந்தால் பழைய கடனும் வட்டியும் எல்லாம் வெளியே வரும். அவற்றில் இருப்பது அம்மாவின் கையெழுத்து. கட்டிலில் கிடப்பவளிடம் வரி ஆபீஸிலிருந்து ஆள் வந்து, உனக்கு எந்த ஊரில் நிலம் என்று கேட்கும்படி ஆகிவிடக்கூடாது. அதனால் சும்மா இருந்தேன். சட்டத்தின் கண்ணில் அம்மாவைக் காப்பாற்றிய பிள்ளை அவன்தான்.

மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் அதிகமாக அம்மா அந்த அறையில் இருந்தாள். ஒரு ஏப்ரல் மாதத்து முதல் வாரத்தில், காலை இட்லி சாப்பிட்டுவிட்டு, புரட்டிப் படுக்கவைத்த பெண்ணிடம் ஃபேனைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாள். அவள் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது உயிர் இல்லை. முதுகில் ஒரு கீறல் இல்லை. குளிப்பாட்டியபோது நான் பார்த்தேன்.

உடம்பை ஆரணிக்குக் கொண்டுவந்தோம். அண்ணன் நன்றாகத்தான் செய்தான். பூப்பல்லக்கு, மேளம், கடை பேரில் சுவரொட்டி. தெருவே திரண்டு வந்தது. பெற்றவளைக் கடைசிவரை காப்பாற்றினான் என்று அவன் காதுபடவே பேசினார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து, எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு, அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா ஏப்ரல்லதான போச்சி?"

"ஆமா."

"அப்போ கணக்குக்குப் புது வருசம் பொறந்துடுச்சி. இந்த வருசத்துக்கும் கழிவ முழுசா போட்டுக்கலாம்னு ஆடிட்டர் சொல்றாரு. ஏப்ரல் மாசம் ஹோம்ல கட்டின ரசீது ஒன்னு இருந்தா குடும்மா. கேட்டா காட்டலாம்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அம்மா செத்து இன்னும் பால் காயவில்லை, அதற்குள் அடுத்த மார்ச் வரைக்கும் அவளை உயிரோடு வைக்கக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பையைத் திறந்து ரசீதை எடுத்து அவன் முன்னால் போட்டேன். அவன் அதைப் பொறுக்கி, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்து மடித்துக்கொண்டான்.

"அப்பறம் அந்த டெபாசிட்டு," என்றான். "கடைச் செக்குலதான கட்டினோம், அதனால கட பேருக்கே திருப்பித் தருவாங்க. நாளைக்கு நானே போய் எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். போன் பண்ணா ரூம் நம்பர் கேக்கறாங்க. அம்மா எந்த ரூம்ல இருந்துது?"

கேட்ட கேள்வியில் என்ன இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. பதிலுக்காகச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"எனக்கு நெனப்பில்லணா," என்றேன். "அங்க தர கூட்ற பொண்ணு ஒன்னு இருக்கும். அதக் கேளு, அதுக்குத் தெரியும்."